பேர் வந்தது, ஆட்டம் வரவில்லை

விளையாட்டு ஸ்தாபனங்கள் தம் சரித்திரத்தை எழுத முற்படும்போது, வென்ற கோப்பைகளின் ஆண்டுகளையும், அவற்றை ஏந்தி நின்ற வீரர்களின் படங்களையும், அந்நாட்களில் தலைமை வகித்த பிரமுகர்களின் பெயர்களையும் வரிசைப்படுத்தி அச்சிட்டுத் திருப்தியடைந்துவிடுகின்றன. அந்த ஸ்தாபனங்களின் மீது அபிமானம் வைத்த ஜனங்களோ, அச்சில் ஏறாத வேறொரு சரித்திரத்தையும் வாய்மொழியாகவே காப்பாற்றி வருகிறார்கள். இன்ன வருஷத்தில் இன்னாரைப் பெரும்பொருள் கொடுத்து அழைத்து வந்தார்கள், வந்து இறங்கிய அன்று மாலையும் மேளமுமாக வரவேற்பு நடந்தது, பிறகு அவர் ஆடியது இத்தனை ஆட்டம், அடித்தது இத்தனை கோல், கடைசியில் போனது யாருக்கும் தெரியாமல் போனார் என்று, கல்யாண வீட்டில் சீர்வரிசையைச் சொல்லுகிற நிச்சயத்தோடு அவர்கள் சொல்லுவார்கள். கோப்பை வென்ற அணியின் பதினொரு பேரையும் சொல்லத் தடுமாறுகிற அபிமானிகூட, ஏமாற்றிப்போன ஒரு முன்னணி ஆட்டக்காரரின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஏமாற்றத்துக்கு இத்தனை நீண்ட ஞாபகம் இருப்பது ஏன், அந்த ஞாபகத்தினால் என்ன பிரயோஜனம் என்பவற்றை நிதானமாக எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஆரணியில் இந்தப் பேச்சு பெரும்பாலும் தறி மேடையில் நடக்கிறது. கமண்டல நாகநதிக் கரையில், மராட்டிய ஜாகீர்தார்களின் ஆளுகையைக் கண்டு, வட ஆர்க்காடு ஜில்லாவில் நெடுங்காலம் இருந்து, 1989-இல் அது பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த இந்த ஊருக்குப் பட்டும் நெல்லும் இரண்டு கண்கள். கால்பந்துக்குப் பெயர்போன ஊர் என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும், குழித்தறியில் உட்கார்ந்து காலால் மிதியை மிதித்துக் கையால் நாடாவை ஓட்டுகிற நெசவாளிக்குக் கையும் காலும் தொழிலுக்குக் கட்டுப்பட்டிருந்தாலும், வாயும் காதும் பூரண சுதந்திரம் பெற்றவை. ஒரு காலத்தில் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டே சேலை நெய்த வீடுகளில், இன்று கைப்பேசி ஜன்னல் கட்டையில் சாய்ந்து நிற்கிறது. சனி, ஞாயிறு இரவுகளில் இங்கிலாந்து தேசத்து ஆட்டங்களைப் பார்க்கிற இளைஞர்கள், சென்னையின் எஃப்.சி. நேரு விளையாட்டரங்கத்தில் ஆடுகிற நாட்களில் காஞ்சிபுரம் மார்க்கமாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, நடுநிசிக்கு மேல் ஊர் திரும்பி, விடிந்ததும் தறியில் இறங்கிவிடுகிறார்கள். அப்போது ஒரு தறியிலிருந்து அடுத்த தறிக்கு, “இன்னா பேரு மச்சான் அது! இன்னா ஆட்டம் ஆடினான் பாத்தியா?” என்று ஒரு கேள்வி போகும், ஓரத்துத் தறியிலிருக்கும் பெரியவர், பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பேரு வந்துச்சிப்பா, ஆட்டம் வரல” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். நம் நாட்டுக் கால்பந்தின் ஒரு நீண்ட அத்தியாயத்தை இந்தச் சிறு வாக்கியத்துக்குள் அடக்கிவிடலாம்.

வெளியூர் ஆட்டக்காரனை அழைத்து வரும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியது கல்கத்தாவில்தான். 1911-இல் மோகன் பகான் அணியினர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றபோது, அவர்கள் அனைவரும் வங்காளத்து மண்ணின் பிள்ளைகளாகவே இருந்தார்கள். ஆனால் 1934 தொடங்கி 1938 வரை ஐந்தாண்டுகள் இடைவிடாமல் கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் திறமைசாலிகளைத் தேடிச் சேர்த்ததன் மூலமே அந்தக் கீர்த்தியை அடைந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1949 முதல் 1953 வரை, ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசையில் நின்று பஞ்ச பாண்டவர் என்று பெயர் பெற்ற அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டார். பெங்களூர், ஆந்திரம், கேரளம் ஆகிய பக்கங்களிலிருந்து ரயிலேறிப் போன இவர்களை, கிழக்கு வங்கத்திலிருந்து வீடுவாசல் இழந்து வந்த அகதிகள் தம் சொந்தப் பிள்ளைகளைப் போலக் கொண்டாடினார்கள். இவர்களுக்கும் முன்னால், ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து அகதியாக வந்து சேர்ந்த ஃபிரெட் பக்ஸ்லி, அதே ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிப் பேரெடுத்திருந்தார். இப்படி அந்நியனை அழைத்து வந்ததில் முதலில் கிடைத்த அனுபவம் இனிமையானதாக இருந்தபடியால், அழைத்து வந்தால் வெற்றி கிட்டும் என்ற நம்பிக்கை ஒரு கொள்கையாகவே நிலைத்துவிட்டது.

அந்த நம்பிக்கையினால் கல்கத்தாவில் அணி மாறும் பருவமே ஒரு திருவிழாவாயிற்று. ஆட்டக்காரர்கள் சங்க அலுவலகத்துக்கு நேரில் வந்து கையொப்பமிட வேண்டியிருந்த அந்த நாட்களில், எதிர்க் கழகத்தார் கண்ணில் படாமல் ஓர் ஆட்டக்காரரைத் தெரிந்தவர் வீட்டில் ஒளித்து வைப்பதும், பாதி ராத்திரியில் வேறொரு வீட்டுக்கு மாற்றுவதும், காலையில் ஆதரவாளர் படையோடு அழைத்துப் போய்க் கையொப்பமிடச் செய்வதும் சகஜமாக நடந்தன. ஆட்டத்தைப் பார்க்கத் திரண்ட கூட்டத்துக்குச் சற்றும் குறையாத கூட்டம் கையொப்பத்தைப் பார்க்கவும் திரண்டது. வரப்போகிறவர் என்ன செய்வார் என்பது பற்றிய கற்பனை, அவர் வந்து செய்ததைவிட அதிக இன்பம் தந்த சந்தர்ப்பங்கள் அப்போதே ஏற்பட்டிருக்க வேண்டும். ஏனெனில் ஏமாற்றத்தின் அளவை நிர்ணயிப்பது ஆட்டக்காரரின் கால் அல்ல, வரவேற்பு மாலையின் கனமே.

1978 உலகக் கோப்பைக்குச் சென்ற ஈரான் அணியில் இடம்பெற்றிருந்த மஜித் பிஷ்கர், அலிகார் சர்வகலாசாலையில் படிக்க வந்து, 1980-இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். அவர் பந்தை அடக்கிய விதத்தையும் திரும்பிய விதத்தையும் கண்ட கல்கத்தா ஜனங்கள் அவரை பாதுஷா என்றே அழைத்தார்கள். ஆனால் பிறகு முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு மாறிய அவரிடம் அந்தப் பழைய ஒளி வரவரக் குறைந்தது. சில ஆண்டுகளில் மங்கி மறைந்து, தாய்நாட்டுக்கே திரும்பிவிட்டார். 2019-இல் ஈஸ்ட் பெங்காலின் நூற்றாண்டு விழாவுக்கு அவரை அழைத்து வந்தபோது, முதல் இரண்டு ஆண்டுகளை மட்டும் நினைவில் வைத்திருந்த முதியவர்கள் கண்ணீரோடு வரவேற்றார்கள். ஒரே மனிதர் ஒரு கழகத்துக்கு வரப்பிரசாதமாகவும் அடுத்த கழகத்துக்கு ஏமாற்றமாகவும் அமையலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அயல்நாட்டாரைச் சேர்ப்பதில்லை என்ற விரதத்தை நெடுங்காலம் அனுஷ்டித்த மோகன் பகானும், 1991-இல் நைஜீரியரான சீமா ஒகோரியைச் சேர்த்து அந்த விரதத்தைக் கைவிட்டது. சீமா ஏமாற்றவில்லை, எனவே கதவு முழுமையாகத் திறந்துகொண்டது.

கதவு வழியாக வந்தவர்களில் ஒடாஃபா ஒகோலியின் வரலாறு தனியாக நினைக்கத் தக்கது. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியில் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்த அவரை, 2011-இல் இந்தியக் கால்பந்தில் அதுவரை அரிதாக இருந்த பெருந்தொகைக்கு மோகன் பகான் அழைத்துக்கொண்டது. அங்கும் அவர் கோல் அடித்தார். ஆனால் அவர் இருந்த காலத்தில் பெருங்கோப்பை எதுவும் கழகத்துக்கு வரவில்லை. 2012 டிசம்பர் 9 அன்று ஈஸ்ட் பெங்காலோடு நடந்த ஆட்டத்தில் அவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். கூட்டத்திலிருந்து எறிந்த கல் சக ஆட்டக்காரரான ரஹீம் நபியின் முகத்தில் பட்டது. இடைவேளைக்குப் பின் மோகன் பகான் ஆட மறுத்தது. தடையும், பின்னர் அத்தடையை நீக்கி விதித்த 2 கோடி ரூபாய் அபராதமும் வந்தன. கோலடித்தும் ஏமாற்றமாக எண்ணப்பட்ட ஆட்டக்காரர் அவர். ஒரு கழகத்தின் அத்தனை குறைகளையும் ஒரு மனிதரின் தோளில் ஏற்றிவிட்டு, அவர் தாங்கவில்லை என்று சொல்லுகிற அநியாயம், அபிமானிகளின் வாய்மொழிச் சரித்திரத்தில் அவ்வப்போது நேர்ந்துவிடுகிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே 2012-ஆம் ஆண்டின் ஜனவரி மாதத்தில் கல்கத்தாவில் நடந்த ஓர் ஏலம், வந்து ஏமாற்றியவர்களின் வரிசைக்கு முன்னால் வராமலே ஏமாற்றியவர்களின் வரிசை ஒன்றைச் சேர்த்தது. வங்காளத்து நகரங்களின் பெயரில் அணிகள் அமைத்துப் பிரீமியர் லீக் சாக்கர் என்ற போட்டியை நடத்துவதாக அறிவித்து, உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்தார்கள். அர்ஜென்டினாவின் ஹெர்னான் கிரெஸ்போ பாராசத் அணிக்கு 8,40,000 டாலருக்குப் போனார். 2006-இல் இத்தாலிக்கு உலகக் கோப்பையை ஏந்திய ஃபேபியோ கன்னவாரோவை சிலிகுரி அணி 8,30,000 டாலருக்கு எடுத்தது. பிரான்சின் ராபர்ட் பிரஸ் ஹவுராவுக்கும், நைஜீரியாவின் ஒகோச்சா துர்காபூருக்கும், இங்கிலாந்தின் ராபி ஃபவுலர் கல்கத்தாவுக்கும் என்று பத்திரிகைகளில் பட்டியல் வந்தது. கன்னவாரோ சிலிகுரியில் பந்தாடுவார் என்று எண்ணும்போது எந்த அபிமானியின் நெஞ்சுதான் துள்ளாது? ஆனால் மைதானங்கள் தயாராகவில்லை, தேதி தள்ளிப்போயிற்று, மறுபடியும் தள்ளிப்போயிற்று, கடைசியில் அந்தப் போட்டி ஒரு நாள்கூட நடைபெறவே இல்லை. ஏலம் மட்டும் நடந்து ஆட்டம் நடக்காத விசித்திரத்தை நம் நாடு அப்போது கண்டது.

இரண்டாண்டுகள் கழித்து, 2014 அக்டோபர் 12 அன்று, இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. அதில் ஒவ்வோர் அணியும் உலகப் புகழ் வாய்ந்த ஒருவரையாவது சேர்த்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. ஜனங்களை மைதானத்துக்கு இழுக்க அந்த விதி உதவியது என்பதை மறுப்பதற்கில்லை; ஆரணித் தறிகளில் கால்பந்துப் பேச்சு பலமாக எழுந்ததே அந்த ஆண்டிலிருந்துதான். ஆனால் வந்தவர்களின் வயதைக் கவனித்தால் விளைவை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இத்தாலியின் அலெசாண்ட்ரோ தெல் பியெரோ, டெல்லி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோதே 40 வயதை நிறைவு செய்தார். 10 ஆட்டங்களில் 1 கோல் அடித்தார். அந்த ஒன்றும் சென்னை அணிக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் அடித்தது. பூனே அணிக்கு வந்த டேவிட் டிரெசெகே 2 கோலோடு திரும்பினார். 2012-லேயே ஆட்டத்தை விட்டு விலகியிருந்த ஸ்வீடனின் ஃபிரெடி யூங்பெர்க், மும்பைக்கு 4 ஆட்டங்கள் ஆடியதோடு சரி. மறு ஆண்டு கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்த கார்லோஸ் மார்ச்சேனா, 2010-இல் ஸ்பெயினோடு உலகக் கோப்பை வென்றவர், ஓர் ஆட்டத்தோடு ஊர் திரும்பினார். 2017-18-இல் அதே கேரள அணி அழைத்த பல்கேரியாவின் திமிதார் பெர்பட்டோவ், 9 ஆட்டங்களில் 1 கோல் அடித்தார். மஞ்சள் சட்டையோடு கொச்சி அரங்கத்தை நிறைத்த மலையாளத்து அபிமானிகள் இந்தக் கணக்குகளைப் பஞ்சாங்கம் போல இன்றும் ஒப்பிப்பார்கள்.

இவர்கள் எல்லாரும் மாபெரும் கலைஞர்கள். அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் முதல் பருவத்தில் ஓர் அணிக்கு லீக் ஆட்டங்கள் 14. அவை முழுவதும் இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்துக்குள் முடிந்துவிடும். ஐரோப்பாவின் குளிரில் பழகிய தேகம், நம் கடற்கரை நகரங்களின் புழுக்கத்துக்குப் பழகுவதற்கே ஒரு மாதம் வேண்டும். தசை ஒருமுறை பிடித்துக்கொண்டால் சிகிச்சைக்கு மூன்று வாரம் வேண்டும். அதற்குள் பருவமே முடிந்துபோகும். பாதி உலகம் சுற்றி வந்த ஒருவர், பக்கத்தில் ஆடுகிற பத்துப் பேரின் பெயரையும் கற்றுக்கொள்ள அவகாசமில்லாமல் ஆடினால், அவருடைய பழைய சாமர்த்தியத்தில் எவ்வளவு வெளிப்பட முடியும்?

இந்த நியாயத்தைக் கண்முன்னே காட்டிய ஓர் இரவு சென்னையில் வாய்த்தது. 2015 அக்டோபர் 3 அன்று இரண்டாம் பருவத்தின் தொடக்க ஆட்டம் நேரு விளையாட்டரங்கத்தில் நடந்தது, ஏ.ஆர். ரஹ்மானின் இசையோடு தொடக்க விழா முடிந்து, சென்னையும் கல்கத்தாவும் மோதின. கல்கத்தா அணிக்குப் புதிதாக வந்திருந்தவர் போர்ச்சுகல் தேசத்து ஹெல்டர் போஸ்டிகா. முதல் பாதியின் ஆரம்பத்திலேயே ஒரு கோல் அடித்து அரங்கத்தை வாயடைக்கச் செய்தார்; இரண்டாம் பாதியில் மற்றொன்று. நீலச் சட்டை அணிந்து நின்ற நம்மவர்கள் அவரை எப்படிச் சபித்தார்களோ, அப்படியே கல்கத்தாவில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவர்கள் அவரை வாழ்த்தியிருப்பார்கள். வாங்கிய காசு முதல் நாளே வசூலாகிவிட்டது என்று மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அதே ஆட்டத்தில் அவருக்குக் காயம் ஏற்பட்டது. களத்தை விட்டு நடந்தவர் அந்தப் பருவம் முழுவதும் திரும்பவே இல்லை. 3-2 என்று தோற்று ஊர் திரும்பிய எங்கள் இளைஞர்கள், தங்களைத் தோற்கடித்தவருக்காகப் பின்னர் அனுதாபப்பட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓர் இரவில் வரமாகவும் அடுத்த இரவில் நஷ்டமாகவும் ஆகிவிட்ட ஒரு மனிதரை எந்தப் பட்டியலில் எழுதுவது?

சென்னையின் கணக்கும் கலப்பானதே. முதல் பருவத்தில் பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்து, லீக்கில் அதிகக் கோல் அடித்தவர் என்ற கௌரவத்தைப் பெற்றார். பெரும் பெயரும் பெரும் ஆட்டமும் ஒருசேர வந்த அபூர்வ சந்தர்ப்பம் அது. அதே பருவத்தின் கடைசியில் வந்த இத்தாலியின் அலெசாண்ட்ரோ நெஸ்டா, உலகம் கண்ட தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவராக இருந்தும், சில ஆட்டங்களோடு விடைபெற்றார். 2015-இல், அவ்வளவாக யாரும் அறிந்திராத கொலம்பிய இளைஞர் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல் அடித்து, இறுதி ஆட்டத்தில் முழுநேரமும் முடிந்த பிறகு கோவாவின் வலைக்குள் வெற்றிக் கோலையும் செலுத்திக் கோப்பையைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு அவர் இல்லை. லிவர்பூல் அணியோடு 2005-இல் ஐரோப்பாவின் மாபெரும் கோப்பையை வென்ற நார்வேயின் ஜான் ஆர்ன் ரீசே, விளம்பரப் பலகைகளுக்கு உரிய பெயராக வந்தார். அணியோ எட்டில் ஏழாம் இடத்தில் நின்றது. 2018 மார்ச்சில் பெங்களூரு மண்ணிலேயே பெங்களூருவை 3-2 என்று வென்று இரண்டாம் முறை பட்டம் சூடிய சென்னை, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி மட்டும் பெற்றுப் பத்தாவதாக, அதாவது கடைசியாக வந்ததை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது. அந்தப் பருவத்துக்கென்று வந்த கார்லோஸ் சலோம் நடுவிலேயே விடைபெற்றார்.

பிறகு லிதுவேனியாவிலிருந்து நெரியஸ் வால்ஸ்கிஸ் வந்தார். வரும்போது அவருக்கு மேளமும் இல்லை, மாலையும் இல்லை. ஆனால் 2019-20 பருவத்தில் 15 கோல் அடித்து அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். அவர் ஜாம்ஷெட்பூருக்குச் சென்றுவிட்ட மறு பருவத்தில், அவர் இடத்தை நிரப்ப ஸ்லோவாக்கியாவின் யாகுப் சில்வெஸ்தர் முதலானவர்களை அழைத்து வந்தார்கள். அணி 20 ஆட்டங்களில் 3 வெற்றி, 11 சமன், 6 தோல்வி என்று எட்டாம் இடத்தில் முடிந்தது. பந்தைக் கோல்வரை கொண்டுபோய், கோலுக்கு முன்னால் தவறவிட்டு, கொரோனாவினால் காலியாகக் கிடந்த கோவா அரங்கங்களில் ஆடிய அந்த ஆட்டங்களை எங்கள் பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸே திரும்பி வந்தபோது பழைய நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. ஆனால் முதல்முறை கண்ட வேகத்தை இரண்டாம் முறை காண முடியவில்லை.

இதே காலத்தில், தமிழ்நாட்டின் மேற்கே, கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் வேறொரு பாடம் நடந்தது. ஐ-லீக்கில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., உலகப் புகழ் எதையும் விலைக்கு வாங்காமல், சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸின் பொறுப்பில், ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்த பெத்ரோ மன்சி, நெஸ்டர் கோர்டில்யோ, சாந்த்ரோ, எஸ்லாவா முதலியவர்களை அழைத்து வந்தது. அவர்கள் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவர் எங்கே நின்றால் மற்றவர் எங்கே பந்தைத் தள்ளுவார் என்று அவர்களுக்குத் தெரியும். மன்சி 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி பட்டம் சூடியது. நெய்வேலியிலிருந்து வந்த எட்வின் வான்ஸ்பால் போன்ற தமிழ்ப் பிள்ளைகள் அந்த அந்நியர்களோடு தோளுக்குத் தோள் நின்று ஆடினார்கள். தேர்ந்தெடுத்தலில் அறிவைச் செலவிட்டால் செலவிடவேண்டிய பணம் குறையும் என்பதை இதைவிட நேராக எந்தக் கழகமும் நிரூபித்ததில்லை.

பணத்திலும் அனுபவத்திலும் நம்மைவிடப் பன்மடங்கு பெரிய மேல்நாட்டுக் கழகங்களும் இதில் தவறாமலில்லை. 1996 நவம்பர் 23 அன்று இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் அணி, அலி டியா என்ற செனகல் நாட்டாரை லீட்ஸ் அணிக்கு எதிரே களமிறக்கியது. உலகின் சிறந்த ஆட்டக்காரராக விளங்கிய ஜார்ஜ் வியாவே பேசுவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு தொலைபேசிச் சிபாரிசு ஒன்றே அவருக்கு ஆதாரம் என்பது பிரசித்தமான கதை. அணியின் கண்மணியான மாட் லெ டிசியே காயமடைந்து வெளியேற, 32-ஆவது நிமிஷத்தில் மாற்றாக உள்ளே வந்தவர், பந்து எங்கே போகிறது என்று தெரியாமல் களம் முழுவதும் ஓடி, 85-ஆவது நிமிஷத்தில் தாமே மாற்றப்பட்டு வெளியேறினார். அதன்பின் அந்த அணிக்கு அவர் ஆடவே இல்லை. விசாரியாமல் எடுத்ததன் பலன் இது. விசாரித்து எடுத்தும் தவறலாம்: ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை 2004-இல் பெற்ற உக்ரேனின் ஆந்திரி ஷெவ்செங்கோவை 2006-இல் ஏறத்தாழ 3 கோடி பவுனுக்கு வாங்கிய செல்சி, லீக்கில் அவரிடமிருந்து 9 கோலே பெற்றது. 2011 ஜனவரி 31 அன்று 5 கோடி பவுன் கொடுத்து அதே செல்சி வாங்கிய ஃபெர்னாண்டோ டோரஸ், முதல் கோல் அடிக்க ஏப்ரல் மாதம் வரை காத்திருந்தார். ஆனால் மறு ஆண்டு பார்சிலோனா மைதானத்தில், ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில், கடைசி நிமிஷங்களில் தனியே ஓடிக் கோல்கீப்பரையும் தாண்டி அவர் செலுத்திய கோலை எந்தச் செல்சி அபிமானியாவது மறப்பாரா? ஏமாற்றக் கணக்கில் எழுதிய பெயரும் ஒரு நாள் வேறு கணக்குக்கு மாறிவிடக்கூடும்.

இதையெல்லாம் கேட்கிற ஆரணி நெசவாளிக்கு ஒரு வியப்புத் தோன்றும். எங்கள் ஊரில் ஒரு தறிக்காரர் ஒரு முதலாளியை விட்டு மற்றொரு முதலாளியிடம் போவதென்றால், பழைய முதலாளிக்குத் தரவேண்டிய முன்பணப் பாக்கியைப் புதியவர் தீர்த்து அழைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். அழைத்துக்கொள்ளுமுன் அவர் இப்போது என்ன நெய்கிறார், கரை நேராக விழுகிறதா, ஜரிகை இழுபடாமல் படிகிறதா என்று விசாரித்தே பணத்தை அவிழ்ப்பார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் நெய்த முகூர்த்தச் சேலையின் கீர்த்தியைக் கேட்டு யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. கண் மங்கியிருக்கலாம், கை நடுங்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். கால்பந்துக் கழகங்கள் மட்டும் பழைய சேலையைப் பார்த்துப் பணம் கொடுத்தன. அவர்கள் வாங்கியது விளம்பரப் பலகைக்கு வேண்டிய படம். அபிமானி எதிர்பார்த்தது களத்தில் ஓடும் கால். இரண்டுக்கும் இடையே விழுந்த பள்ளத்தையே நாம் ஏமாற்றம் என்கிறோம்.

ஆகவே, அபிமானிகளின் இந்த ஞாபகத்தை வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். கழகத்தின் நிர்வாகிகள் வருவார்கள், போவார்கள், முதலாளிகள் மாறுவார்கள், பயிற்சியாளர் ஓர் ஆண்டு இருந்தால் மறு ஆண்டு இருக்கமாட்டார், கழகத்தின் அனுபவத்தை ஒருங்கே காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அபிமானிகள்தாம். எந்த வருஷம் எந்த விதமான தேர்வு தோற்றது என்று அவர்கள் சொல்லுகிற பட்டியலை எந்த நிர்வாகமாவது காதுகொடுத்துக் கேட்டிருந்தால், அதே தவறு இத்தனை முறை திரும்பி வந்திருக்காது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு குறையும் உண்டு: பெயரும் தொகையும் கோல் எண்ணிக்கையும் அதில் இருக்கின்றன, காரணம் இருப்பதில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பர் 20 அன்று ஏ.டி.கே. மோகன் பகானுக்காக அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயமுற்று வெளியேறினார். பருவம் முழுவதும் வீணாயிற்று. அதை அவர் பேரில் எழுதுவது தர்மமாகுமா? உடல் தந்த துரோகம் வேறு, உழைக்காத குற்றம் வேறு, தவறாகத் தேர்ந்தெடுத்தவர்களின் பிழை வேறு; இவற்றைப் பிரித்து எழுதுகிறபோதுதான் வாய்மொழிச் சரித்திரம் நியாயமான சரித்திரமாகும்.

நல்ல செய்தியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 12 அன்று, டூரண்டு கோப்பைப் போட்டியில், நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக மோகன் பகானை வெல்ல முடியாமல் தவித்த ஈஸ்ட் பெங்காலுக்கு 1-0 என்று வெற்றி தேடித் தந்த ஒற்றைக் கோலை அடித்தவர், சென்னையில் வளர்ந்த நந்தகுமார் சேகர். பஞ்ச பாண்டவர் போன எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும், தென்னாட்டுப் பிள்ளை ஒருவர் கல்கத்தாவுக்குப் போய் அந்நகரத்தைக் களிக்கச் செய்தார். உலகப் புகழ் தேடி அலைகிற கழகங்கள், வியாசர்பாடியிலும் நெய்வேலியிலும் தூத்தூர்க் கடற்கரையிலும் மாலை வெயிலில் பந்தாடுகிற பிள்ளைகளின் கால்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்நியரை அழைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எலானோவையும் மெண்டோசாவையும் மன்சியையும் கண்டு மகிழ்ந்தவன் அப்படிச் சொல்ல முடியாது. நேற்று ஆடியதற்காக அழைக்காதீர்கள், இன்று ஆடுவதற்காக அழையுங்கள். அழைத்தவருக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கொடுங்கள். ஒரு பெயருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை உள்ளூர் மைதானங்களில் போடுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். அபிமானிகளுக்கும் ஒரு வார்த்தை: பட்டியலை விடாமல் வைத்திருங்கள்; அதில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் காரணத்தையும் எழுதி, உங்களுக்கு அடுத்து வருகிறவர்களிடம் கொடுங்கள்.